துத்தநாக ஆக்சைடு நானோதுகளால் சாயநீரைத் தெளியவைத்தல்: ஒரு கல்லூரி ஆய்வகத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருப்பூர் வட்டாரத்தில் சாயநீர் என்பது பாடப்புத்தகப் பிரச்சினை அல்ல. நொய்யல் ஆறும் அதன் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணையும் சாயக் கழிவால் பட்ட பாடு ஊருக்கே தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரை வெளியே விடாமல் முழுக்கச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு அந்தத் தொழில் மாற வேண்டியதாயிற்று. அந்த வட்டாரக் கல்லூரிகளில் வேதியியல் படிப்பவர்கள் பட்டமேற்படிப்புத் திட்டப்பணிக்கு 'சாயநீக்கம்' என்ற தலைப்பை எடுப்பது வாடிக்கை. துத்தநாக ஆக்சைடோ டைட்டானியம் டைஆக்சைடோ நானோதுகளாகத் தயாரித்து, மெத்திலீன் நீலம் என்ற சாயத்தின் கரைசலில் போட்டு, வெயிலில் வைத்து, நிறம் குறைவதை அளந்து அறிக்கை எழுதிவிடுவார்கள்.

இங்கே பதிவாவதும் அப்படித் தொடங்கிய ஒன்றுதான். முதுகலை இறுதியாண்டு மாணவிகள் இருவர், வழிகாட்டியாக ஒரு பேராசிரியை, ஆய்வக உதவியாளர் ஒருவர். கையிலிருந்த கருவிகள்: காந்தக் கலக்கி, சூடேற்றும் ஓவன், மஃபிள் ஃபர்னஸ், நிமிடத்துக்கு 4000 சுற்று ஓடும் மேசை சென்ட்ரிஃபியூஜ் (சுழற்றிப் பிரிக்கும் கருவி), யு.வி.-விசிபிள் ஸ்பெக்ட்ரோமீட்டர் (கரைசல் எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளப்பது), பி.எச். (அமில-கார அளவு) மீட்டர், மின்கடத்துதிறன் மீட்டர். எக்ஸ்.ஆர்.டி. (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்-கதிர்ச் சோதனை) வெளியே பணம் கட்டி எடுக்க வேண்டும்.

வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். துத்தநாக ஆக்சைடின் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரான் மேல்நிலைக்கு ஏறத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல்) ஏறக்குறைய 3.3 எலக்ட்ரான் வோல்ட். சுமார் 380 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளி பட்டால் எலக்ட்ரான் ஒன்று மேலேறி, அது இருந்த இடம் துளையாகிறது. எலக்ட்ரான் நீரில் கரைந்த ஆக்சிஜனைப் பிடிக்கும். துளை நீரிலிருந்து ஹைட்ராக்சில் ரேடிக்கலை (மிக வேகமாக வினைபுரியும் ஒரு துணுக்கு) உண்டாக்கும். இவை இரண்டும் சேர்ந்து சாய மூலக்கூறை உடைக்கின்றன. இதுதான் ஒளிவினையூக்கம். ஆக, துகள், புற ஊதா ஒளி, கரைந்த ஆக்சிஜன் மூன்றும் வேண்டும். துகளின் பரப்புக்கு அருகில் சாயம் வந்து சேரவும் வேண்டும்.

முதல் தொகுதி

துத்தநாக அசிடேட் டைஹைட்ரேட் 10.98 கிராமை 500 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கரைத்தார்கள், இது 0.1 மோலார். கலக்கியபடியே 1 மோலார் காஸ்டிக் சோடா கரைசலை ஊற்றினார்கள். கணக்குப்படி 100 மி.லி. போதும். பி.எச். 12 வரவேண்டும் என்று எங்கோ படித்திருந்ததால் அதற்கு மேலும் ஊற்றினார்கள். வெண்ணிற வீழ்படிவு வந்தது. 60 டிகிரியில் 2 மணி நேரம் கலக்கி, ஆறவைத்து, சென்ட்ரிஃபியூஜில் பிரித்து, இரண்டு முறை நீரில் கழுவினார்கள். மூன்றாவது முறை கழுவும்போது மேல்நீர் பால்போல் கலங்கியே நின்றது, துகள் அடியில் படியவில்லை. பொருள் வீணாகிறதே என்று அத்துடன் நிறுத்திவிட்டார்கள்.

100 டிகிரியில் உலர்த்தி, அகேட் உரலில் அரைத்து, பீங்கான் மூசையில் 400 டிகிரியில் 2 மணி நேரம் சுட்டார்கள். ஃபர்னஸைத் திறந்தபோது தூள் எலுமிச்சை மஞ்சளாக இருந்தது. "மேடம், பவுடர் மஞ்சளாயிடுச்சு" என்று பதறி ஓடியவர்களுக்கு, ஆறட்டும் என்ற பதில்தான் கிடைத்தது. துத்தநாக ஆக்சைடு சூட்டில் மஞ்சளாகி, ஆறும்போது வெளுத்துவிடும், அதில் குறையில்லை. ஆறிய பிறகும் சாம்பலோ பழுப்போ தங்கியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். சரியாகக் கழுவாத அல்லது உலர்த்தாத வீழ்படிவில் மிஞ்சிய அசிடேட் கருகி அப்படி நிற்கும்.

ஆறிய தூளின் எடை 4.6 கிராம். 0.05 மோல் துத்தநாகத்திலிருந்து கிடைக்கக்கூடிய ஆக்சைடு அதிகபட்சம் 4.07 கிராம். ஏட்டில் 'விளைச்சல் 113 சதவீதம்' என்று எழுதப்பட்டு, கையொப்பமும் வாங்கியாயிற்று. நூற்றுக்கு மேல் போன விளைச்சலை அன்று யாரும் நின்று பார்க்கவில்லை. பின்னால் வந்த சிக்கல்களில் பாதி அந்த ஒரு வரியிலேயே இருந்தது.

எக்ஸ்.ஆர்.டி. படம் அழகாக வந்தது. 31.8, 34.4, 36.3 டிகிரிகளில் துத்தநாக ஆக்சைடின் உர்ட்சைட் படிக அமைப்புக்குரிய மூன்று முகடுகள். 36.3 டிகிரி முகட்டின் அரை உயர அகலம் 0.35 டிகிரி, முகட்டின் அகலத்திலிருந்து படிக அளவைக் கணக்கிடும் ஷெரர் சமன்பாட்டில் போட்டால் சுமார் 24 நானோமீட்டர். 30 டிகிரிக்கு அருகே தெரிந்த சிறு மேட்டை இரைச்சல் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

98 சதவீதம்

மெத்திலீன் நீலம் லிட்டருக்கு 10 மி.கி., தூள் லிட்டருக்கு 1 கிராம், 100 மி.லி. கரைசல், மொட்டைமாடியில் உச்சி வெயில். ஒரு மணி நேரத்தில் 664 நானோமீட்டரில் உறிஞ்சுதிறன் ஏறக்குறைய காணாமல் போனது. கணக்கு 98 சதவீதம் என்றது. மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பத் தயாரானார்கள்.

அனுப்புவதற்கு முன் பேராசிரியை சென்ட்ரிஃபியூஜ் குழாய்களைத் தாமே எடுத்துப் பார்த்தார். மேலே நீர் தெளிவு. அடியில் ஒட்டியிருந்த தூள் வெள்ளையாக இல்லை, கருநீலமாக இருந்தது. அந்த அடிப்படிவில் 5 மி.லி. எத்தனாலை விட்டுக் குலுக்கியதும் எத்தனால் நீலமாயிற்று. சாயம் உடையவில்லை, ஒரு பங்கு தூளின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிட மலிவான சோதனை கிடையாது. சுருக்கத்தை நிறுத்திவைத்து, கட்டுப்பாட்டுச் சோதனைகளைச் செய்துவிட்டு முடிவெடுக்கலாம் என்று தீர்மானித்தார்.

கட்டுப்பாட்டுச் சோதனைகள் காட்டியவை

தூள் போடாத சாயக் கரைசலை அதே வெயிலில் ஒரு மணி நேரம் வைத்தபோது நிறம் 22 சதவீதம் குறைந்தது. மெத்திலீன் நீலம் கண்ணுக்குத் தெரியும் ஒளியையே நன்றாக உறிஞ்சும். வெயிலில் தானாகவே வெளுக்கும். தூள் போட்டு, பீக்கரை அலுமினியத் தாளால் மூடி இருட்டில் வைத்தபோது ஒரு மணி நேரத்தில் 41 சதவீதம் குறைந்தது. 98-லிருந்து 22-ஐயும் 41-ஐயும் கழித்து மிச்சம் 35 சதவீதம் ஒளிவினையூக்கம் என்று எழுதலாமா என்று ஒரு மாணவி கேட்டார். எழுதக்கூடாது. மூன்றும் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று பாதித்து நடப்பவை, கூட்டிக் கழிக்கும் கணக்கில் அடங்காதவை. சோதனையைத்தான் திரும்ப வடிவமைக்க வேண்டும்.

இருட்டில் 41 சதவீதம் என்பதுதான் அதிகம் உறுத்தியது. துத்தநாக ஆக்சைடின் பரப்பு மின்னேற்றம் சுழியாகும் பி.எச். ஏறக்குறைய 9. அதற்குக் கீழே பரப்பு நேர்மின்னேற்றம் கொண்டது. மெத்திலீன் நீலமும் நேர்மின் அயனிதான். நடுநிலை நீரில் இரண்டும் விலகி நிற்க வேண்டும், ஒட்டக்கூடாது. ஒட்டியிருக்கிறது என்றால் பி.எச். 9-ஐத் தாண்டியிருக்கிறது. சாயமே இல்லாமல் காய்ச்சி வடித்த நீரில் லிட்டருக்கு 1 கிராம் தூளைப் போட்டுப் பி.எச். பார்த்தார்கள்: 10.6. சுத்தமான தூளாக இருந்தால் 7-க்கும் 8-க்கும் இடையில் நின்றிருக்கும்.

இந்த இடத்தில் 113 சதவீத விளைச்சல் நினைவுக்கு வந்தது. கழுவாமல் விட்ட காஸ்டிக் சோடாவும் சோடியம் அசிடேட்டும் 400 டிகிரியில் சோடியம் கார்பனேட்டாக மாறித் தூளோடு தங்கியிருந்தன. கூடுதலாக வந்த அரை கிராம் முழுவதும் கார்பனேட் என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 1 கிராம் தூள் கொண்டுவரும் கார்பனேட் சுமார் 1.1 மில்லிமோல், அதற்குக் கணக்கிட்ட பி.எச்.சும் 10.6-தான். எக்ஸ்.ஆர்.டி.யில் ஒதுக்கப்பட்ட சிறு மேடும் சோடியம் கார்பனேட்டின் இடத்தில்தான் இருந்தது. அந்தக் காரத்தில் மெத்திலீன் நீலம் தூளில் ஒட்டும். மெத்தில் தொகுதிகளை மெல்ல இழக்கவும் செய்யும்.

அளவிடும் முறையிலும் ஓட்டைகள் இருந்தன.

லிட்டருக்கு 10 மி.கி. மெத்திலீன் நீலத்தின் உறிஞ்சுதிறன் 2-க்கு மேல் போகிறது. அந்த உயரத்தில் சாதாரண ஸ்பெக்ட்ரோமீட்டரின் ரீடிங்கை நம்ப முடியாது. தொடக்கச் செறிவே தவறாகப் பதிவாகும். நீர்த்து, 1-க்குக் கீழே கொண்டுவந்து படிக்க வேண்டும்.

664 நானோமீட்டர் என்ற ஒரே புள்ளியை மட்டும் படித்திருந்தார்கள். 400 முதல் 800 வரை முழு நிறமாலையை எடுத்தபோது, முகடு குறைவதோடு 650-ஐ நோக்கி இடம்பெயர்வதும் தெரிந்தது. மெத்தில் தொகுதி உதிர்ந்த அசூர் வகைச் சாயங்கள் அங்கே உறிஞ்சும். 664-ல் குறைந்த அளவு முழுவதும் சாயம் அழிந்த அளவு அல்ல.

வெயில் சோதனையில் நீர் ஆவியாகிக் கன அளவு குறைந்ததையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. இது எதிர்த்திசைப் பிழை, செறிவைக் கூட்டிக் காட்டும். பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும் சோதனை, ஒரே பக்கம் சாயும் சோதனையைவிடப் பொல்லாதது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, தூளைப் புதிதாகத் தயாரிப்பது. காஸ்டிக் சோடாவைச் சொட்டுச் சொட்டாக, ஏறக்குறைய அரை மணி நேரம் எடுத்து விட்டு, பி.எச். 10 வந்ததும் நிறுத்தினார்கள். 13-ஐத் தாண்டினால் ஹைட்ராக்சைடு, ஜின்கேட் என்ற அயனியாகக் கரையத் தொடங்கும். அப்படிக் கரைந்தது கழுவும்போது திரும்ப வீழ்படிவாகி, அளவு ஒவ்வாத துகள்களாகக் கலந்துவிடும்.

கழுவுவதுதான் முக்கியமான மாற்றம். உப்பு போகப் போகத் துகள்கள் ஒன்றோடொன்று சேராமல் மிதக்கத் தொடங்கும். மேல்நீர் கலங்குவது கழுவல் நன்றாகப் போகிறது என்பதன் அடையாளமே தவிர, நிறுத்தச் சொல்லும் சைகை அல்ல. மேசை சென்ட்ரிஃபியூஜ் அதைப் பிரிக்கத் திணறும்போது, உயரமான அளவுருளையில் இரவு முழுக்க விட்டு, தெளிந்த மேல்நீரை மட்டும் வடித்தார்கள். கடைசி இரு கழுவல்களில் நீரும் எத்தனாலும் பாதிப் பாதி கலந்து பயன்படுத்தியதும் படிவு சுலபமாயிற்று. நிறுத்தும் அளவுகோல் எத்தனை முறை என்பதல்ல; எத்தனால் சேர்ப்பதற்கு முந்தைய கழுவுநீரின் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 50 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழே இறங்க வேண்டும். சுட்ட பிறகு, தூளை நீரில் போட்டால் பி.எச். 8-ஐத் தாண்டக்கூடாது. இந்த இரண்டும் தேறாத தொகுதி சோதனைக்குப் போகாது என்று ஏட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தார்கள்.

புதிய தொகுதியின் எடை 3.7 கிராம், விளைச்சல் 91 சதவீதம். நீரில் பி.எச். 7.6.

இரண்டாவது, வெயிலை விட்டு ஒளிப்பெட்டிக்கு மாறுவது. வெயிலில் புற ஊதாவின் பங்கு சுமார் 5 சதவீதம்தான். மேகத்துக்கும் மணிக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். ஒருநாள் முடிவை இன்னொரு நாள் முடிவோடு ஒப்பிட முடியாது. ஒட்டுப்பலகைப் பெட்டிக்குள் அலுமினியத் தாள் ஒட்டி, 365 நானோமீட்டரில் ஒளிரும் 8 வாட் குழல்விளக்குகள் நான்கையும் சூட்டை வெளியேற்ற ஒரு சிறு விசிறியையும் பொருத்தினார்கள். கதவைத் திறந்தால் விளக்கு அணைய ஒரு சுவிட்ச். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடியும், உலர்தூளைக் கையாளும்போது என்95 முகக்கவசமும் கட்டாயமாயின.

மூன்றாவது, மாதிரியைப் பிரிக்கும் முறை. சிரிஞ்ச் வடிகட்டியை முயன்று பார்த்தார்கள்; தூளே இல்லாத சாயக் கரைசலை ஊற்றியபோது வடிகட்டியே சாயத்தைப் பிடித்துக்கொண்டு வெளிர்நீல நீரை வெளியே விட்டது. எனவே 15 நிமிடம் சென்ட்ரிஃபியூஜ்தான். மிச்சமிருக்கும் கலங்கலைச் சரிசெய்ய, சாயம் உறிஞ்சாத 800 நானோமீட்டரில் ஒரு ரீடிங் எடுத்து அதைக் கழித்தார்கள். அரை மணி நேரம் இருட்டில் கலக்கிய பிறகு உள்ள செறிவே தொடக்கச் செறிவு என்றும் வரையறுத்துக்கொண்டார்கள்.

நான்காவது முடிவு சாயத்தையே மாற்றுவது. பருத்திக்குப் போடும் சாயங்களில் பெரும்பாலானவை ரியாக்டிவ் வகை, எதிர்மின் அயனிகள். மெத்திலீன் நீலம் திருப்பூர்ச் சாயத்தொட்டியில் இருக்கும் பொருளே அல்ல. ரியாக்டிவ் பிளாக் 5-ஐத் தேர்ந்தெடுத்தார்கள்: இரண்டு அசோ பிணைப்புகள், 597 நானோமீட்டரில் நிறமுகடு, 312-க்கு அருகே அரோமாட்டிக் வளையங்களின் முகடு. நிறம் போவதையும் வளையம் உடைவதையும் தனித்தனியாகப் பார்க்கலாம். கடையில் வாங்கும் சாயத்தூளில் உப்பும் பிற சேர்மானங்களும் கணிசமாக இருக்கும். எடைபோட்ட மில்லிகிராம் எல்லாம் சாயம் என்று கொள்ளக்கூடாது.

புதிய முறையில் கிடைத்தவை

மெத்திலீன் நீலத்தில் இருட்டு ஒட்டல் 41-லிருந்து 4 சதவீதமாக விழுந்தது. ஒளிப்பெட்டியில் ஒரு மணி நேரத்தில் 664-ல் குறைவு 71 சதவீதம். 98-ஐவிடச் சிறிய எண், ஆனால் ஒவ்வொரு சதவீதமும் எங்கே போனது என்று சொல்ல முடிகிற எண். அடிப்படிவும் வெள்ளையாகவே இருந்தது. மெத்திலீன் நீலம் ஒடுக்கமடைந்து நிறமற்ற வடிவத்துக்குப் போயிருக்கலாம் என்ற ஐயத்துக்காகத் தெளிந்த நீரில் காற்றைக் குமிழியிட்டுப் பார்த்தார்கள், நீலம் திரும்பவில்லை.

ரியாக்டிவ் பிளாக் 5, லிட்டருக்கு 20 மி.கி., கரைசல் 200 மி.லி. தூளின் அளவை லிட்டருக்கு 0.25, 0.5, 1, 2 கிராம் என்று மாற்றிப் பார்த்தபோது, 0.5-க்கு மேல் வேகம் அதிகம் கூடவில்லை. 2 கிராமில் குறைந்தே போனது. கலங்கல் அதிகமானால் ஒளி மேல்பகுதியிலேயே சிதறிவிடும், அடியில் இருக்கும் தூள் இருட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். எனவே 0.5 கிராம். இருட்டில் ஒட்டியது 18 சதவீதம். எதிர்மின் சாயம், நேர்மின் பரப்பு, எதிர்பார்த்ததுதான். விளக்கு போட்டு 90 நிமிடத்தில் 597-ல் 94 சதவீதம் போனது. அதே நேரத்தில் 312-ல் போனது 60 சதவீதம் மட்டுமே. கண்ணுக்குத் தண்ணீர் தெளிந்துவிட்டது. வளையங்கள் இன்னும் நீரில் இருந்தன.

ஒப்பீட்டுக்காக வேதிப்பொருள் கடையில் வாங்கிய சாதாரண துத்தநாக ஆக்சைடையும் அதே அளவில் போட்டுப் பார்த்தார்கள். நானோதூளின் வேக மாறிலி (நிறம் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைக் குறிக்கும் எண்) நிமிடத்துக்கு 0.031, கடைத்தூளுடையது 0.026. மாணவிகளுக்கு இது ஏமாற்றம். ஆனால் அறிக்கையில் இடம்பெற்றே ஆக வேண்டிய எண். பரப்பளவு கூடுவதால் கிடைக்கும் ஆதாயத்தை, படிகக் குறைபாடுகளில் எலக்ட்ரானும் துளையும் மீண்டும் சேர்ந்துவிடுவது பெரும்பாலும் தின்றுவிடும். சின்னத் துகள் என்பதாலேயே சிறந்த வினையூக்கி ஆகிவிடாது. ஒப்பீடு இல்லாத 'நானோ' முடிவுகளை இந்தத் துறையில் நிறையவே பார்க்கலாம்.

அசல் சாயநீர்

உரிமையாளரின் ஒப்புதலோடு ஒரு சிறு பட்டறையிலிருந்து, சாயமிட்ட பின் வரும் முதல் அலசல்நீரைச் சுத்திகரிப்புக்குப் போகும் முன்பே கேனில் பிடித்து வந்தார்கள். பி.எச். 10.4, கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 6,800 மி.கி. சி.ஓ.டி. (நீரிலுள்ள கரிமப் பொருளை டைகுரோமேட்டால் ஆக்சிஜனேற்றி, அதற்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று கணக்கிடும் அளவு) முதலில் 910 என்று வந்தது. உப்பில் உள்ள குளோரைடும் டைகுரோமேட்டைத் தின்பதால் வந்த போலி உயர்வு அது. குளோரைடு 2000 மி.கி.க்கு மேல் போனால் மெர்குரிக் சல்பேட் போட்டும் அந்த முறை தாங்காது. நீர்த்து, மெர்குரிக் சல்பேட்டோடு திரும்பச் செய்தபோது 640. (இந்தச் சோதனையின் கழிவில் பாதரசமும் குரோமியமும் வெள்ளியும் இருக்கும். சாயநீரைச் சுத்தம் செய்கிறோம் என்று அதைத் தொட்டியில் ஊற்றுகிற ஆய்வகங்கள் உண்டு. இங்கே தனிக் கேனில் சேர்த்தார்கள்.)

அப்படியே ஒளிப்பெட்டியில் 4 மணி நேரம் வைத்தபோது நிறம் குறைந்தது 12 சதவீதம். பத்து மடங்கு நீர்த்து வைத்தபோது 45 சதவீதம். காரணங்கள் ஒன்றல்ல. அடர்ந்த சாயம் புற ஊதாவைத் தானே விழுங்கிவிடுகிறது, தூளுக்கு ஒளி போவதில்லை. ரியாக்டிவ் சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்கச் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) போடுவார்கள். அந்தக் கார்பனேட் ஹைட்ராக்சில் ரேடிக்கலை மிக வேகமாகப் பிடித்துக்கொள்ளும், பைகார்பனேட் அதைவிட மிக மெதுவாக. 9-க்கு மேற்பட்ட பி.எச்.சில் தூளின் பரப்பு எதிர்மின்னாகிவிடுவதால் சாயமும் கிட்டே வருவதில்லை. இவற்றோடு நனைப்பான்களும் உலோக அயனிகளைப் பிடிக்கும் துணைப்பொருட்களும் உண்டு.

கார்பனேட்டைப் போக்க அமிலம் சேர்க்கலாம் என்று ஒரு மாணவி, தூள் ஏற்கெனவே போட்டிருந்த பீக்கரில் கந்தக அமிலத்தைச் சொட்டவிட்டு பி.எச். 4-ல் நிறுத்தப் பார்த்தார். பி.எச். நிற்கவில்லை, ஏறிக்கொண்டே இருந்தது, அவரும் விட்டுக்கொண்டே இருந்தார். சற்று நேரத்தில் பீக்கரின் வெண்கலங்கல் மறைந்து கரைசல் பளிச்சென்று தெளிந்தது. வினையூக்கி முழுவதும் கரைந்துவிட்டிருந்தது. லிட்டருக்கு 0.5 கிராம் துத்தநாக ஆக்சைடு கரைந்தால் 400 மி.கி. துத்தநாகம் நீரில் இருக்கும். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு இந்திய விதிகள் அனுமதிக்கும் வரம்பு லிட்டருக்கு 5 மி.கி. அந்தக் கரைசலை பி.எச். 9.5-க்கு ஏற்றி, துத்தநாக ஹைட்ராக்சைடாகப் படியவைத்த பிறகே அப்புறப்படுத்தினார்கள்.

அமிலம் என்ற எண்ணம் தவறல்ல, வரிசைதான் தவறு. திருத்திய முறை: தூள் போடுவதற்கு முன்பே நீர்த்த சாயநீரை பி.எச். 5-க்கு இறக்கி, மீன்தொட்டிக் காற்றுப் பம்பால் அரை மணி நேரம் குமிழியிட்டுக் கார்பன் டைஆக்சைடை வெளியேற்றி, காஸ்டிக் சோடாவால் 7.5-க்குக் கொண்டுவந்து, பிறகு தூள். சோடா ஆஷால் ஏற்றினால் செய்த வேலை வீண். இந்த முறையில் 4 மணி நேரத்தில் 45 சதவீதம் 71 ஆயிற்று.

பின்விளைவுகள்

தூளைத் திரும்பப் பயன்படுத்திப் பார்த்ததில், ரியாக்டிவ் பிளாக் 5 கரைசலில் அடுத்தடுத்த மூன்று சுற்றுகளில் நிறநீக்கம் 94, 88, 79 என்று இறங்கியது. ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் கொஞ்சம் தூள் குழாய்ச் சுவரோடும் மேல்நீரோடும் போகிறது. எடைபோட்டு ஈடுகட்டாமல் 'செயல்திறன் குறைந்தது' என்று மட்டும் எழுதினால் அது பாதி உண்மை. மீதிப் பாதி ஒளி அரிப்பு: சாயத்தை உடைக்க வேண்டிய துளை, ஆக்சைடையே கரைத்துத் துத்தநாக அயனியாக விடுகிறது. வெளி ஆய்வகத்தில் அணு உறிஞ்சு முறையில் அளந்தபோது வடிகட்டிய நீரில் லிட்டருக்கு 3.1 மி.கி. துத்தநாகம். வரம்புக்குள்தான். ஆனால் வடிகட்டாத மாதிரியை அமிலத்தில் செரித்து அளந்தபோது 9 மி.கி.; வேறுபாடு முழுவதும் பிரியாமல் மிதந்த நானோதுகள்.

மின்சாரக் கணக்கையும் போட்டார்கள். 32 வாட், ஒன்றரை மணி நேரம், 200 மி.லி., 94 சதவீதம். ஆயிரம் லிட்டரில் சாயச் செறிவைப் பத்தில் ஒன்றாக்க ஏறக்குறைய 200 யூனிட். பெட்டியின் ஒளியில் பெரும்பகுதி பீக்கரைத் தாண்டிப் போகிறது என்பதால் நல்ல வடிவமைப்பில் இது வெகுவாகக் குறையும். ஆனாலும் எந்தப் பட்டறைக்காரரிடம் சொன்னாலும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

திட்டப்பணி அறிக்கையின் தலைப்பிலிருந்து 'சாயப்பட்டறைக் கழிவுநீர் சுத்திகரிப்பு' என்ற சொற்றொடர் நீக்கப்பட்டது. முடிவுரை, இந்த முறை கச்சாச் சாயநீருக்கு ஏற்றதல்ல, உயிரியல் சுத்திகரிப்புக்குப் பிறகு மிஞ்சும் வெளிர்நிறத்துக்கு வேண்டுமானால் ஆராயலாம் என்று மாற்றி எழுதப்பட்டது. உப்பை இது தொடுவதே இல்லை. அமிலமும் காரமும் சேர்ப்பதால் கூட்டவே செய்கிறது. எதிர்ச் சவ்வூடு பரவலும் ஆவியாக்கியும் வைத்து உப்பைப் பிரிக்கவே பெருஞ்செலவு செய்யும் ஊரில் அது சிறு குறை அல்ல. மாநாட்டுச் சுருக்கம் அந்த ஆண்டு போகவில்லை. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அதிக நேரம் எடுத்துக்கொண்டது கட்டுப்பாட்டுச் சோதனை அட்டவணையிலும் துத்தநாக அளவிலும்தான்.

அடுத்த மாணவர்களுக்கு மாற்றியவை

துறையில் இப்போது இந்த வகைத் திட்டப்பணிகளுக்கு வரிசை மாறியிருக்கிறது. தூள் வந்ததும் முதலில் விளைச்சல் கணக்கு, நீரில் பி.எச்., இருட்டு, தூளில்லா ஒளி. இவை நான்கும் ஒரே நாளில் முடியும், காசும் ஆகாது. தேறினால்தான் எக்ஸ்.ஆர்.டி.க்கு அனுப்புவது. முன்பு பணம் கட்டும் சோதனை முதலிலும் இலவசச் சோதனை கடைசியிலும் இருந்தது.

ஒற்றை அலைநீள ரீடிங் ஏற்கப்படுவதில்லை, முழு நிறமாலை வேண்டும். கடைத்தூள் ஒப்பீடு கட்டாயம். லிட்டருக்கு 20 மி.கி. சாயத்தில் சி.ஓ.டி. இருபதைக்கூடத் தொடாது என்பதால், அத்தகைய கரைசலில் வழக்கமான டைகுரோமேட் முறையில் 'சி.ஓ.டி. நீக்கம்' என்று எண் போடுவதும் நிறுத்தப்பட்டது. கனிமமாதலை (சாயம் கார்பன் டைஆக்சைடு, நீர் போன்ற எளிய பொருள்களாக முழுக்க உடைவதை) பேச வேண்டுமானால் மொத்தக் கரிம அளவுக்கு மாதிரியை வெளியே அனுப்புகிறார்கள்.

துகளை நீரில் கலக்காமல் கண்ணாடித் தகட்டிலோ மணிகளிலோ படியவைக்கும் முயற்சியை அடுத்த மாணவர் எடுத்திருக்கிறார். பரப்பு குறைவதால் வேகம் விழும். பிரிக்கும் தொல்லையும் மிதக்கும் துத்தநாகமும் இருக்காது. பூச்சு உரிகிறதா என்பதற்கு அவர் வைத்திருக்கும் முதல் சோதனை, சாயமே இல்லாத நீரில் தகட்டை ஒரு நாள் கலக்கவிட்டு, அந்த நீரைச் செரித்துத் துத்தநாகம் பார்ப்பது.